நூற்றுப் பதினெட்டுத் துளைகள்

அந்தக் கிறிஸ்தவக் கோயிலைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது என்று சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை. அதைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளைக்கே பிடிக்கவில்லை. இருபத்தேழு வயசில் வேலை தேடி வந்தவர், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். இது ஏதோ தண்ணீர்த் தொட்டி, விலாசம் தப்பு என்று முடிவு கட்டித் திரும்பி நடந்தார். அப்போது பங்கில் இருந்த பழைய சாமியார்தான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடி வந்து, இதுதான் கோயில் என்று சொல்லி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓடியிருந்தால் இந்தக் கதை எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

போரில் பழைய கோயில்மேல் குண்டு விழுந்தது. கோபுரமும் பூ வேலைத் தூண்களும் தேவதூதர் சிலைகளும் ஒரே காலையில் மண்ணாகிப்போயின. போர் முடிந்து பத்து வருஷம் கழித்து, போனதைப் போலவே திரும்பக் கட்டுவதில் அர்த்தமில்லை என்று நினைத்த ஓர் இளம் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்ததுதான் பிறகு எழுந்தது. பூச்சே இல்லாத வெறும் கான்கிரீட். வார்ப்புக்கு அடித்த பலகையின் ரேகையும் முடிச்சும் சுவரில் அப்படியே பதிந்து கிடக்கும். கூரை, காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்து வைத்தது போல ஏறி இறங்கும். உள்ளே தூண் என்று ஒன்று கிடையாது. ஒரே கல்லில் பூசைப் பீடம், அதன் மூன்று பக்கமும் பெஞ்சுகள், அவ்வளவுதான். ஜனங்கள் அதைக் 'குடோன்' என்றார்கள். கல்யாணம் பேச வந்த சம்பந்திகள், போட்டோ எடுக்கிற மாதிரி வேறு கோயில் கிடைக்காதா என்று மெதுவாகக் கேட்டார்கள். கையில் இருந்தது தீர்ந்துபோய்ப் பூசாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் பாதிப் பேர் கடைசிவரை நம்பினார்கள்.

மேற்குச் சுவர் மட்டும் வேறு சங்கதி. தரையிலிருந்து கூரைவரை கான்கிரீட் சட்டங்கள், ஒன்றை ஒட்டி ஒன்று, ஒன்றன்மேல் ஒன்று. ஒவ்வொரு சட்டத்திலும் செங்கல் கனத்தில் கண்ணாடித் துண்டுகள். நீலம், சிவப்பு, தேன் நிறம். காலையில் அந்தச் சுவர் செத்துக் கிடக்கும். மத்தியானம் மூன்றரைக்கு மேல் வெயில் பின்னால் வந்து நின்றதும் நிறமெல்லாம் தரையில் இறங்கும். பெஞ்சுக்குப் பெஞ்சு நகர்ந்து, ஐந்தேகால் மணிக்குப் பீடத்துக் கல்லில் போய் ஏறும். வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் துடைப்பத்தோடு நடுவில் நின்று இதைப் பார்த்த கோயில்பிள்ளை, பெருக்குவதை மறந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். முப்பத்தாறு வருஷம் எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவிக்கு இது கல்யாணமான ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. பூசை உடுப்புகள் வைக்கிற அறைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவள் தையல்காரி. மெஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்தபடியே, "என்ன, மூத்தாளுக்கு இன்னிக்கு உடம்பு எப்படி இருக்காம்?" என்று கேட்பாள். மேற்குச் சுவருக்கு அவள் வைத்த பெயர் அது. சும்மா சொல்லக்கூடாது, மூத்தாளுக்கு நடந்த பணிவிடை இளையாளுக்கு நடக்கவில்லை. ஏணியை வைத்து, ஒதுக்கிய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணாடியாகத் தேய்த்து, வேட்டித் துணியால் ஒற்றி எடுப்பார் மனுஷன். எந்தச் சட்டத்தில் எந்தச் சிவப்பில் மயிரிழை விரிசல் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார். அவருடைய சட்டையில் பொத்தான் இல்லாததைக் கண்டுபிடிக்க மட்டும் அவள்தான் வரவேண்டும்.

அந்தச் சுவருக்கு ஒரே ஒரு குறை. மழை வலுத்தால் அழும். சுவரின் அடியில், தரைக்கு நாலு விரல் மேலே, சாணுக்கு ஒன்றாக விரல் நுழைகிற அளவில் துளைகள். எண்ணிப் பார்த்தார், நூற்றுப் பதினெட்டு. மழை பிடித்த அரை மணி நேரத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் கசிந்து தரையில் பரவும். இந்தத் துளை எதற்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. வார்ப்பில் கம்பி கட்டிய ஓட்டையாக இருக்கும், அடைக்க மறந்திருப்பார்கள் என்றார் பழைய சாமியார். வரைந்து கொடுத்தவர் எப்போதோ எங்கேயோ போய்விட்டார். வரைபடம் எங்கே இருக்கிறது என்று தேட யாருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கோயில்பிள்ளை சாக்கும் வாளியுமாகக் குனிந்தே நடந்தார்.

அவர் வந்த ஐந்தாவது வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை வாங்கிக்கொண்டு திரும்பிய ஒரு வயசான அம்மாள் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. பிறகு அவர் நடக்கவே இல்லை. கோயில்பிள்ளைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தான் துடைத்தது போதவில்லை, அதனால்தான் ஒரு மனுஷி படுக்கையில் கிடக்கிறாள் என்று மனசு அறுத்தது. ஏதாவது செய்யணுமே என்று பழைய சாமியாரும் கையைப் பிசைந்தார். நாலாம் நாள் கோயில்பிள்ளை ஒரு சட்டியில் சிமெண்ட்டைக் குழைத்தார்.

அவர் செய்ததை அவசர வேலை என்று யாரும் சொல்ல முடியாது. மணலைப் பழைய புடவைத் துணியில் சலித்தார். சுவர் நிறம் வரவேண்டும் என்று விளக்குக் கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, காயவைத்துப் பார்த்து, மறுபடி சேர்த்தார். வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, ஒவ்வொரு துளையையும் கம்பியால் சுத்தம் செய்து, விரலால் திணித்து, திணித்து, இனிமேல் போகாது என்கிற மட்டும் அடைத்தார். மேலே பலகை ரேகை தொடர்ந்து ஓடவேண்டுமே என்று வீட்டில் இருந்த முள்கரண்டியால் கீறிவிட்டார். பதினோரு நாள் ஆயிற்று. முடித்துவிட்டு எழுந்தபோது எந்த இடத்தில் துளை இருந்தது என்று அவருக்கே தேடவேண்டி இருந்தது.

அடுத்த மழைக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. ஜனங்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பழைய சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார். படித்தவர்கள் முடியாது என்று விட்டதை நம் கோயில்பிள்ளை முடித்துக்காட்டினார் என்றார். கோயில்பிள்ளை உடுப்பு அறைக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனுஷனுக்குக் கிடைக்கிற மாதிரியான சந்தோஷம் அது. கேட்டுக்கொள்ளட்டும், பாவம்.

வருஷங்கள் ஓடின. ஒரே மகள் கல்யாணமாகி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் குடியேறினாள். பழைய சாமியார் இறந்துபோனார். கோயிலுக்கு வருகிற கூட்டம் வற்றிக்கொண்டே வந்து, கடைசியில் பூசைக்கு முப்பது பேர் தேறினால் பெரிய விஷயம் என்று ஆனது. புதிதாக வந்த பங்குச்சாமியார் நல்ல மனுஷர். ஆனால் மறைமாவட்டத்தில் மேலே இருப்பவர்கள் கேட்டதற்குத் தலையாட்டுகிற இடத்தில் இருந்தார். கோயிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் கீழே கடைகள், மேலே ஒரு மண்டபம், ஓர் ஓரமாகச் சின்னக் கோயில் என்று ஒரு படம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். ஜனங்களுக்குப் பரம திருப்தி. கார் நிறுத்த இடம் உண்டா என்பதுதான் கேட்ட ஒரே கேள்வி.

பேசத் தெரிந்தவர் இல்லை கோயில்பிள்ளை. ஆனால் அவ்வப்போது கேமராவோடு வந்து சுவரைப் படம் பிடித்துப் போகிற ஆட்களை அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர், இந்த மாதிரி கட்டடங்களைக் காப்பாற்றுவதற்கென்றே மரபுச் சின்னங்கள் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்று விலாசம் கொடுத்திருந்தார். கோயில்பிள்ளை எழுதினார். மனைவி எழுத்துப் பிழை திருத்திக்கொண்டே, "என் அப்பாவுக்கு நீங்க எழுதின ஒரே லெட்டர் நாலு வரி. மூத்தாளுக்கு ஏழு பக்கமா?" என்றாள். ஆனால் ஏழு பக்கத்தையும் நல்ல கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை. இரண்டு வருஷம்.

கடைசியில் நடந்தது பாருங்கள், அதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். உத்தரவு வந்துவிட்டது. போருக்குப் பிறகு கட்டிய கோயில்களில் இது தனி வகை, இடிக்கக்கூடாது, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அரசாங்க முத்திரையோடு எழுதி, வாசலில் ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள். கடைப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் கோயில்பிள்ளையை முறைத்தார்கள். அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்பெஞ்சில் உட்காரவைத்தார். நிறம் பீடத்தில் ஏறி மறைகிறவரை அவள் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லவில்லை.

உத்தரவு வந்த மறுமாதம் கட்டடத்தின் நிலையைப் பார்த்து அறிக்கை எழுத ஓர் என்ஜினியர் அம்மா வந்தார். நாற்பது வயசு இருக்கும். தலையில் தொப்பி, கையில் சின்னச் சுத்தியல், தோளில் ஒரு நீள உருளை. அந்த உருளைக்குள் அசல் வரைபடங்கள் இருந்தன. வரைந்தவரின் பிள்ளைகள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்களாம். கோயில்பிள்ளை அவரைக் கூரைக்கு ஏற்றிக் காட்டினார், மணிக்கூண்டைக் காட்டினார். அந்தம்மா ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். இவ்வளவு சுத்தமாகப் பராமரித்த கட்டடத்தை நான் பார்த்ததில்லை என்றார். மத்தியானம் மேற்குச் சுவருக்கு வந்தார்கள். அந்தம்மா வரைபடத்தைத் தரையில் விரித்து, முழங்காலில் உட்கார்ந்து, சுவரடியையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஐயா, இங்க வரிசையா துளை இருந்திருக்கணுமே. படத்துல இருக்கு. ஒண்ணையும் காணோம்."

கோயில்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துபோனது. முப்பத்தொரு வருஷம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருத்தர் தன் வாயால் கேட்கிறார்.

"எப்படித் தெரியும் மேடம்? தெரியக்கூடாதுன்னுதானே அப்படி அடைச்சது. நூத்திப் பதினெட்டையும் நான் ஒருத்தனே அடைச்சேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரல."

அந்தம்மா பேனாவை மூடினார். பிறகு பக்கத்தில் உட்காரச் சொல்லி, படத்தில் விரல் வைத்து நிதானமாக விளக்கினார். கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே எப்படியும் மழைத் தண்ணீர் இறங்கும், அதை யாராலும் தடுக்க முடியாது. வரைந்தவருக்கு அது தெரியும். அதனால் சுவரின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்க ஒரு வெற்றிடம் விட்டார். கீழே அது வெளியேற இந்தத் துளைகளை விட்டார். வந்த தண்ணீரை வாங்கிக்கொண்டு போக நேர் கீழே தரையில் ஒரு சின்னக் கால்வாயும் விட்டார். கோயில்பிள்ளை வருவதற்கு முன்பே யாரோ கால் இடறுகிறது என்று அந்தக் கால்வாயை ஓடு பதித்து மூடியிருக்கிறார்கள். அதனால்தான் தண்ணீர் தரையில் பரவியது. சுவர் அழுததே இல்லை. சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

கோயில்பிள்ளை ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, அப்படியானால் இந்த முப்பத்தொரு வருஷத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குரல் அப்படி இருந்தது.

அனுமதி வாங்கி வைத்திருந்த ஒரே ஓர் இடத்தில் அந்தம்மா துளை போட்டார். பழைய துளை எங்கே என்று கோயில்பிள்ளைதான் விரல் வைத்துக் காட்டினார். மழை நின்று ஐந்து வாரமாகியிருந்தது. டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. வாளியை வைத்தார்கள், நிறைந்தது. இன்னொரு வாளி வைத்தார்கள், அதுவும் பாதிக்கு மேல் ஏறியது. அந்தம்மா நூல் மாதிரி ஒரு கேமராவை உள்ளே விட்டு, சின்னத் திரையில் காட்டினார். உள்ளே இருந்த கம்பிகளெல்லாம் துரு ஏறி, உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு நின்றன. வெளியே அவர் பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த அதே சுவர்தான்.

சுவர் நிற்குமா என்று கேட்டார். எல்லாத் துளையையும் திறந்து காயவிட்டால் இன்னும் சில வருஷம் தள்ளலாம், அதற்குள் பெரிய வேலை ஏதாவது பார்க்கலாம் என்றார் அந்தம்மா. இன்னொரு மழைக்காலம் வயிற்றில் தண்ணீரோடு நின்றால் தன்னால் உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார். கோயில்பிள்ளை அந்த நிமிஷமே எழுந்து உளி எடுக்கப் போனார். அந்தம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். இது இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம். அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் ஆணி அடித்தாலும் குற்றம். இன்று போட்ட இந்த ஒரு துளைக்கே அவர் நாலு கையெழுத்து வாங்கவேண்டி இருந்ததாம். ஒன்பது கடிதம் எழுதி வாங்கிய பாதுகாப்பு அது.

போகும்போது அந்தம்மா ஒரு நல்ல காரியம் செய்யப் பார்த்தார். துளைகள் பின்னாளில் அடைக்கப்பட்டுள்ளன என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன், யார் என்று வேண்டாம் என்றார். கோயில்பிள்ளை யோசித்தார். யார் என்று எழுதாவிட்டால் படிக்கிறவர்கள் அந்தக் காலத்தில் பொறுப்பில் இருந்த பழைய சாமியாரைத்தான் நினைப்பார்கள்.

"என் பேரை எழுதுங்க மேடம். செத்துப்போன மனுஷன் தலையில இது விழக்கூடாது. நான்தான் செஞ்சேன்."

வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அந்தம்மா எழுதிக்கொண்டார். அவர் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

அறிக்கை வந்ததும் கோயிலை மூடினார்கள். ஆபத்தான கட்டடம், யாரும் உள்ளே போகக்கூடாது. சுற்றிலும் தகர வேலி அடித்து, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்ற பலகைக்குப் பக்கத்திலேயே அபாயம் என்று இன்னொரு பலகை நட்டார்கள். பூசை, பஸ் டெப்போவுக்குப் பின்னால் வாடகைக்குப் பிடித்த ஒரு ஹாலுக்குப் போனது. டியூப்லைட், பிளாஸ்டிக் நாற்காலி, மடக்கு மேஜைமேல் பீடம். கோயில்பிள்ளையும் மனைவியும் மகள் வீட்டுப் பின்கட்டு அறைக்குப் போனார்கள். தையல் மெஷின் உள்ளே நுழையவில்லை. அது மாடிப்படிக்கு அடியில் நின்றது. மனைவி ஊசியும் நூலுமாகப் படியில் உட்கார்ந்து கையால் தைத்தாள். சண்டை போட்டிருந்தால்கூட மனுஷனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மழைக்கு ஏழு மாசம் இருந்தது. அதற்குள் துளைகளைத் திறந்தாக வேண்டும். அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த ஒன்றுக்காகத்தான். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. அலுவலகம் தேர்ச்சி பெற்ற ஆட்களைக் கேட்டுப் பார்த்தது. இந்த அழகில் ஒரு சுவருக்குக் கீழே யார் படுத்து வேலை செய்வார்கள்? ஒருவரும் வரவில்லை. அப்படியானால் நான் செய்கிறேன் என்று கோயில்பிள்ளை விண்ணப்பம் போட்டார். என்ஜினியர் அம்மா எப்படிச் செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதி, முட்டுக்கொடுக்கும் விதத்தைப் படம் போட்டு, இவரைவிட அந்தச் சுவரை அறிந்தவர் இல்லை என்று சிபாரிசும் வைத்தார். இந்தக் கட்டடத்தில் முன் அனுபவம் என்று கேட்ட கட்டத்தில் முப்பத்தாறு வருஷம் என்று மனைவி எழுதினாள்.

வாரம் ஒரு தடவை இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்குப் போனார். ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். ஃபைல் கீழே வந்திருக்கிறது என்றார்கள். ஒரு நாள் எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆறாவது மாசம் பதில் வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா, பெரியவருக்குக் கண் சரியாகத் தெரியாது என்று நினைத்தோ என்னவோ, தானே வாசித்தார். பாதுகாக்கப்பட்ட ஒரு கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்தவர் என்று ஆய்வறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டுள்ள எவரையும் அக்கட்டடத்தில் எந்தப் பணிக்கும் அனுமதிக்க விதியில் இடமில்லை. அப்போது அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இல்லையே என்று கோயில்பிள்ளை கேட்டார். குமாஸ்தா இன்னொரு தடவை காகிதத்தைப் படித்துப் பார்த்தார். பெயர் இருக்கிறதே ஐயா, பெயர் இல்லாமல் இருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார்.

என்ஜினியர் அம்மா போனில் கூப்பிட்டார். அன்றைக்கே தான் எழுதாமல் இருந்திருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோயில்பிள்ளைதான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. நான்தானே மேடம் எழுதச் சொன்னேன் என்றார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கோயில் சாவி அவரிடம் இருந்தது. பக்கவாசல் சாவி, திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதில் வந்த மறுநாள் காலை பத்து மணிக்கு, உளியையும் சுத்தியலையும் மார்க்கெட் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் போனார். காவல்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். வேலியில் ஒரு தகரம் விலகியிருந்தது. நுழைந்தார், கதவைத் திறந்தார், சுவரடியில் போய் வயிற்றை வைத்துப் படுத்தார். முதல் அடைப்பின்மேல் உளியை வைத்தார்.

அடிக்க முடியவில்லை. முட்டுக்கொடுக்காமல் தட்டினால் அதிர்ச்சியில் மேலே என்ன ஆகும் என்று தெரியாது. தட்டாவிட்டால் மழையில் என்ன ஆகும் என்பது தெரியும். போலீசுக்கு அவர் பயப்படவில்லை. தன் கைக்குத்தான் பயந்தார். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்துவிட்டு எழுந்து, கதவைப் பூட்டி, நேரே பங்குச்சாமியாரிடம் போய்ச் சாவியைக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி பையை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "தட்டிட்டு வந்திருக்கலாமேங்க. என்ன ஆயிடப்போகுது? ஜெயில்ல போட்டா நானும் வர்றேன்" என்றாள்.

"போன தடவையும் நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சேன்" என்றார் அவர்.

அவள் உளியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

மழை இரண்டு வாரம் முந்திக்கொண்டு வந்தது. முதல் நாலு நாள் விடாமல் அடித்தது. ஹாலில் பூசைக்கு நாற்காலி போட்டுக்கொண்டே கோயில்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இரண்டு மைல் தள்ளி இருக்கிற சுவருக்குள் தண்ணீர் இறங்குவது இங்கே கேட்கும் என்பது போல. யாராவது கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார். ஹாலின் ஓர் ஓரத்தில் குழாய் கசிந்தது. உங்க கைராசிக்கு அதைக் கொஞ்சம் அடைச்சு விடுங்களேன் என்று விஷயம் தெரியாத ஒருத்தர் சொன்னார். பிளம்பரைக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துபோனார்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்குப் பங்குச்சாமியாரின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே கோயில்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததே போதுமாக இருந்தது. ஆட்டோ பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள்.

தெருவில் கூட்டம் நின்றது. மேற்குச் சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை நாலு வரிசைச் சட்டங்கள் சரிந்து விழுந்திருந்தன. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சேற்றில் நீலமும் சிவப்பும் நொறுங்கிக் கிடந்தன. அந்தப் பிளவு வழியாகத் தெருவிலிருந்தே பீடம் தெரிந்தது. மழை அதன்மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் முறிந்து நின்ற சட்டங்களுக்குள்ளிருந்து பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. வானத்துத் தண்ணீர் இல்லை அது. நிறமே வேறு. குழாயைத் திறந்துவிட்டது போல, நிற்கவே நிற்காமல் கொட்டியது. ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். இவ்வளவு அழகான கண்ணாடியா உள்ளே இருந்தது, இத்தனை நாள் தெரியாதே என்று ஒரு பெண் சொன்னாள்.

கோயில்பிள்ளை வேலித் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்தார். உதடு என்னவோ முணுமுணுத்தது. ஜெபம் என்று சாமியார் நினைத்தார். கிட்டே போய்க் கேட்டால், எண்ணிக்கொண்டிருந்தார். எந்தத் துளைக்கு மேலே எந்தச் சட்டம் நின்றது என்று.

வேலியை இன்னும் இருபது அடி வெளியே தள்ளிப் போடச் சொல்லி உத்தரவாம். காவல்காரன் ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு வந்தான். இவர் அசையவில்லை.

"இது நான் அடைச்சதுப்பா" என்றார் அவனிடம்.

அவன் புதுசு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்: "சரிங்க பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அவர் இருபது அடி தள்ளிப் போய் நின்றார்.